கிலோவுக்கு 5 மில்லிகிராம்

தாவர எண்ணெயிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் தயாராகும் பயோடீசலைப் பற்றிப் பேசுவோர், அதில் கந்தகம் அநேகமாக இல்லையென்பதையும், அதன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பிராணவாயுவாக இருப்பதால் புகையில் கரி குறைகிறது என்பதையும் எடுத்துச் சொல்வது வழக்கம்; இரண்டும் உண்மையே. ஆனால் அந்த எரிபொருளுடன் ஒட்டிக்கொண்டு வரும் சில உலோகங்கள், அளவில் அற்பமாயினும், லாரிகளின் புகையைச் சுத்திகரிக்கும் விலையுயர்ந்த சாதனங்களை நாளடைவில் என்ன கதிக்கு ஆளாக்குகின்றன என்பதும் கவனிக்கத்தக்க விஷயமாகும்.

எண்ணெயுடன் மெத்தனாலைக் கலந்து, சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தின் துணையால் ரசாயன மாறுதலுக்கு உட்படுத்தினால், கிளிசரின் அடியில் தங்கப் பயோடீசல் மேலே தெளிந்து நிற்கும். அதை அரைகுறையாகக் கழுவினால் சோடியமும் பொட்டாசியமும் மிஞ்சும். கடின நீரில் கழுவினால் கால்சியமும் மக்னீசியமும் புதிதாக வந்து சேரும். ஆகவேதான் அமெரிக்க, ஐரோப்பியத் தர விதிகள் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்றும், கால்சியம், மக்னீசியம் இரண்டுக்கும் சேர்த்து அதே அளவுதான் என்றும் வரம்பு கட்டியிருக்கின்றன.

இவ்வளவு சொற்பத்தால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரி ஒன்று, 20 சதவீதம் பயோடீசல் கலந்த எரிபொருளில் 7,00,000 கிலோமீட்டர் ஓடினால், அந்த வரம்புக்கு உட்பட்டே கூட ஏறத்தாழ 300 கிராம் உலோகம் அதன் புகைக் குழாய் வழியே சென்றிருக்கும். கரி எரிந்து மறையக்கூடியது. உலோகமோ சாம்பலாகப் படிந்து அங்கேயே தங்கிவிடுவது.

புகை முதலில் சந்திப்பது பிளாட்டினம், பல்லேடியம் பூசிய கிரியா ஊக்கியை. அடுத்தது கரியைப் பிடித்து எரிக்கும் பீங்கான் வடிகட்டி. கனரக வாகனங்களில் பெரும்பாலும் அதற்கும் பின்னே, யூரியாக் கரைசலிலிருந்து பிறக்கும் அமோனியாவைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றும் ஊக்கி. மூன்றாவதாக நிற்கும் இந்த ஊக்கியில் அமோனியா வந்து தங்குவது அமிலத் தன்மையுள்ள இடங்களில்தான். சோடியமும் பொட்டாசியமும் காரமாதலால், ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப்போல அவை முந்திக்கொள்ள, அமோனியாவுக்கு அமர இடமில்லாமற் போகிறது.

அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வுக்கூடத்தினர் பிறருடன் சேர்ந்து நடத்தி 2011-ல் வெளியிட்ட பரிசோதனை, இவ்வுலோகங்கள் தர வரம்பின் உச்சத்திலேயே இருக்குமானால், என்ஜின் ஆயிலால் விழும் சாம்பலைப்போல இரு மடங்கு சாம்பலைச் சாதனங்கள் தாங்க நேரும் என்று மதிப்பிட்டது. 1,50,000 மைலுக்குச் சமமான உழைப்புக்குப் பின் வடிகட்டிகளின் உறுதி குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. முதல் ஊக்கியின் வேகம் மட்டும் தளர்ந்திருந்தது. 4,35,000 மைலுக்குச் சமமான உழைப்புக்குப் பின்னரோ, கார்டியரைட் என்னும் பீங்கானாலான வடிகட்டியின் வெப்ப அதிர்ச்சியைத் தாங்கும் அளவுகோல் 69 சதவீதம் வீழ்ந்தது. ஆனால் வடிகட்டிக்குப் பின்னே வைக்கப்பட்டிருந்த மூன்றாவது சாதனமான ஊக்கி, நைட்ரஜன் ஆக்சைடுகளை மாற்றும் திறனில் இழந்தது வெறும் 5 சதவீதமே; முன்னின்ற வடிகட்டி உலோகச் சாம்பலைத் தான் ஏற்று அதைக் காத்தது என்றே கருத இடமிருக்கிறது.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதிகள் அமலில் இருப்பதால் இச்சாதனங்கள் நமது டீசல் வண்டிகளிலும் வந்துவிட்டன. 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பதென்பது 2018-ம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு. அவ்வளவு குறைந்த கலப்பில், தரம் காக்கப்படுமாயின், அஞ்சுவதற்கு அதிகமில்லை. தரச் சான்றில்லாத சரக்கை மலிவு கருதி டாங்கில் நிரப்புவதுதான் ஆபத்து. ஆகையால் உற்பத்தியாளர் ஒவ்வொரு முறை வடித்ததையும் சோதித்தே வெளியே அனுப்ப வேண்டும். லாரி உரிமையாளரும் விலையைக் கேட்குமுன் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.