ஆக்செஸ் டேபிள்களைச் சாவியால் இணையுங்கள்!

மளிகைக் கடையின் பாக்கி நோட்டை மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ்ஸில் ஏற்றப் போகிறீர்களா? பெயர், தெரு, தேதி, தொகை என்று எல்லாவற்றையும் ஒரே டேபிளில் அடைத்துவிட வேண்டாம். முருகன் என்ற பெயரில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தால், ஒருவர் வாங்கிய அரிசிக்கு இன்னொருவரிடம் பணம் கேட்க நேரும். ஒருவர் வீடு மாறினால் அவருடைய கணக்கில் உள்ள இருபது வரிகளிலும் தெருவைத் திருத்த வேண்டும்.

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970ல் இதற்கு வழி சொன்னார். தகவல்களைத் தனித்தனி டேபிள்களாகப் பிரித்து, பொதுவான ஒரு எண்ணால் அவற்றை இணைக்கலாம். இதுவே ரிலேஷனல் முறை. நாமும் 'வாடிக்கையாளர்', 'பாக்கி' என இரண்டு டேபிள்கள் அமைப்போம்.

பிரைமரி கீ

வாடிக்கையாளர் டேபிளை டிசைன் வியூவில் திறங்கள். 'வாடிக்கையாளர் எண்' என்ற ஃபீல்டை உருவாக்கி, டேட்டா டைப்பாக ஆட்டோநம்பரைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சாவிப் படம் உள்ள பிரைமரி கீ பட்டனைக் கிளிக் செய்யுங்கள். இனி ஒரே எண் இருவருக்கு வராது. எண் காலியாகவும் இருக்காது. பெயரையோ செல்போன் எண்ணையோ பிரைமரி கீ ஆக்காதீர்கள். ஒரே பெயரில் பலர் இருக்கலாம். செல்போன் எண் மாறலாம்.

ஃபாரின் கீ

பாக்கி டேபிளிலும் 'வாடிக்கையாளர் எண்' ஃபீல்டு தேவை. ஆனால் இங்கே ஆட்டோநம்பர் கூடாது. டேட்டா டைப் நம்பர், ஃபீல்டு சைஸ் லாங் இன்டிஜர் என்று கொடுங்கள். ரிக்வயர்டு என்பதில் எஸ் கொடுங்கள். இல்லையென்றால் யாருடையது என்றே தெரியாத பாக்கி உள்ளே புகுந்துவிடும்.

இரண்டு டேபிள்களையும் சேமித்து மூடுங்கள். டேட்டாபேஸ் டூல்ஸ் டேப்பில் ரிலேஷன்ஷிப்ஸ் பட்டனைக் கிளிக் செய்து இரண்டையும் சேருங்கள். வாடிக்கையாளர் டேபிளில் உள்ள எண்ணை மவுஸால் இழுத்து, பாக்கி டேபிளில் உள்ள எண்ணின் மேல் விடுங்கள். தோன்றும் பெட்டியில் 'என்ஃபோர்ஸ் ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி' என்பதை டிக் செய்து கிரியேட் பட்டனை அழுத்துங்கள்.

இனி இல்லாத வாடிக்கையாளர் எண்ணில் பாக்கி எழுத முடியாது. கணக்கு உள்ள வாடிக்கையாளரை நீக்கவும் முடியாது. அதே பெட்டியில் உள்ள 'கேஸ்கேட் டெலீட் ரிலேட்டடு ரெக்கார்ட்ஸ்' பக்கம் மட்டும் போகாதீர்கள். அதை டிக் செய்தால், ஒரு வாடிக்கையாளரை நீக்கும்போது அவர் தர வேண்டிய பணத்தின் கணக்கும் சேர்ந்து போய்விடும்!

அப்டேட்

ஒருவர் வீடு மாறினால் இப்போது வாடிக்கையாளர் டேபிளில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும். தெருவின் பெயரே மாறிவிட்டால்? கிரியேட் டேப்பில் கொயரி டிசைன் சென்று, வாடிக்கையாளர் டேபிளைச் சேர்த்து, அப்டேட் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். கீழே தெரு ஃபீல்டைக் கொண்டு வாருங்கள். 'அப்டேட் டூ' வரியில் புதிய பெயரையும், 'கிரைட்டீரியா' வரியில் பழைய பெயரையும் மேற்கோள் குறிகளுக்குள் டைப் செய்யுங்கள். கிரைட்டீரியாவைக் காலியாக விட்டால் எல்லோருமே அந்தத் தெருவுக்குக் குடிபோய்விடுவார்கள்!

ரன் பட்டனை அழுத்தியதும், எத்தனை வரிகள் மாறப் போகின்றன என்று ஆக்செஸ் காட்டும். எண்ணிக்கை சரியில்லை என்று தோன்றினால் நோ கொடுங்கள். எஸ் கொடுத்த பிறகு அன்டூ வேலை செய்யாது. ஆகவே ரன் அழுத்தும் முன் டேட்டாபேஸ் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.