உலை கொதித்தது, அரிசி வேகவில்லை!



எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். ஆனால் உலகத்தைச் சுற்றியவர் என் தாய்மாமா. தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் பண்டாரி, அதாவது சமையற்காரர். அவர் தென் அமெரிக்காவில் பட்ட அனுபவத்தையும் அதற்குள் இருக்கும் இயற்பியலையும் சொல்வதே இக்கட்டுரை. கதை மாமாவுடையது, விளக்கம் நம் பாடப்புத்தகத்துடையது.

2011-ல் மாமாவின் கப்பல் பழுது பார்ப்பதற்காகப் பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்தில் ஒரு வாரம் நின்றது. தலைநகர் லிமாவை ஒட்டிய துறைமுகம் அது. மலைச் சுரங்கங்களில் வெட்டும் தாமிரமும் துத்தநாகமும் அங்கேதான் கப்பலேறுகின்றன. கிடைத்த லீவில் மாமாவும் என்ஜின் ரூம் இளைஞர் ஒருவரும் உள்ளூர் வேன்காரரோடு ஆண்டிஸ் மலையைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

காலையில் கடற்கரை, மாலையில் 4,818 மீட்டர் உயரமுள்ள டிக்லியோ கணவாய்! அதே மலையில் ஒரு ரயில் பாதையும் ஏறுகிறது. போலந்துக்காரரான எர்னஸ்ட் மாலினோவ்ஸ்கி என்ற பொறியாளர் திட்டமிட்டது. 1870-ல் வேலை தொடங்கி, 1893-ல் லா ஒரோயா நகரை எட்டியது. செங்குத்தான இடங்களில் ரயில் முன்னே போய், நின்று, பின்னோக்கி ஏறி, மறுபடி முன்னே போகும். 2006-ல் திபெத் ரயில் வரும்வரை உலகத்திலேயே உயரமான ரயில் பாதை இதுதான்.

கணவாயில் பனியைப் பார்த்ததும் அந்த இளைஞர் குதித்து ஓடினாராம். அன்றிரவு கணவாய்க்குக் கீழே, சுமார் 4,200 மீட்டர் உயரத்தில், வேன்காரரின் உறவினர் வீட்டில் தங்கினார்கள். "நம்மூர் சோறு ஆக்கித் தாரேன்" என்று மாமா உலை வைத்தார். தண்ணி தளதளவென்று கொதித்தது. அரை மணி, முக்கால் மணி ஆகியும் அரிசி நடுவில் முள்ளாகவே நின்றது! இருபது வருஷம் சோறாக்கிய மனுஷன் வெட்கப்பட்டுப் போனார்.

காரணம் என்ன?

நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்துக் கணக்கு. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். 4,200 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். அழுத்தம் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகும்; அங்கே சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் ஆவிதான் கூடும், சூடு கூடாது. பிரஷர் குக்கர் இருந்திருந்தால் மாமாவின் மானம் தப்பியிருக்கும்.

சோற்றைக் கெடுத்த அதே காரணம்தான் ஆளையும் கெடுத்தது. மலையிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றே மெலிந்திருப்பதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் 60 சதவீதமாகிவிடும். உடம்பு இதற்குப் பழகச் சில நாட்கள் வேண்டும். பழகுமுன் ஏறினால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வரும். அங்கே இதை 'சொரோச்சே' என்கிறார்கள். முற்றினால் மூளை வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், உயிரே போகலாம்.

அந்த இளைஞருக்குச் சாயங்காலமே தலைவலி. "பண்டாரியே தாங்குறாரு, நான் படுத்தா சிரிப்பாங்க" என்று வாய் திறக்கவில்லை. நடு இரவில் எழுந்தவர் குடித்தவர் போலத் தள்ளாடினார், பேச்சு குழறியது. அந்த வீட்டம்மா ஒரே பார்வையில் புரிந்துகொண்டு வேன்காரரை எழுப்பினார். விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த இருட்டிலேயே மலையிறங்கினார்கள். ஆயிரம் மீட்டருக்கும் கீழே உள்ள சோசிகாவுக்கு வந்தபோது அவருக்குப் பேச்சு தெளிந்தது. லிமாவில் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள்.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் மேலே போய்த் தங்காதீர்கள். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் ஓய்வு.

2. முதல் இரண்டு நாள் ஓட்டம், பளு தூக்குதல், மது மூன்றும் வேண்டாம். 'நான் ஸ்போர்ட்ஸ்மேன்' என்ற தைரியமும் வேண்டாம். இளமையும் பலமும் இந்த நோய்க்குத் தடை அல்ல.

3. தலைவலி வந்தால் உடன் இருப்பவரிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் ஏறாதீர்கள்.

4. தள்ளாட்டம், உளறல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல் இருந்தால் உடனே இறக்குங்கள். இறங்குவதே முதல் மருந்து. மாத்திரைகள் டாக்டர் சொன்னால் மட்டும்.

5. அங்கே கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். அது அந்நாட்டு வழக்கம். அந்த இலையை ஊருக்குக் கொண்டு வராதீர்கள். நம் நாட்டில் அது குற்றம்.

6. பெருவில் கட்டடங்களில் 'எஸ்' எழுத்து போட்ட பச்சைப் பலகை இருக்கும். நிலநடுக்கத்தின்போது நிற்கப் பாதுகாப்பான இடம் அது. உள்ளே நுழைந்ததும் அதைத் தேடி வையுங்கள். கடலடித் தட்டு ஒன்று கண்டத்தின் அடியில் நுழைவதால்தான் ஆண்டிஸ் மலை எழுந்தது. அதனால்தான் பூமியும் நடுங்குகிறது. 2007-ல் பிஸ்கோ நகரம் அப்படித்தான் இடிந்தது.

பெருவுக்கு நாம் எங்கே போகப்போகிறோம் என்கிறீர்களா? 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகருக்கு விமானத்தில் போய் இறங்கி, லடாக் சாலைப் பணியில் சேரப்போகிறவர் நம் வகுப்பிலேயே இருக்கலாம்.

முதலாண்டில் கொதிநிலைப் பாடம் நடந்த அன்று வீட்டுக்கு ஓடி மாமாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ என் கைப்பக்குவம் தப்பில்லைன்னு சொல்லு, மருமவனே!" என்று சிரித்தார். அடுத்து அவர் சொன்னதுதான் என் மனதில் நிற்கிறது: "அரிசி வேகலைன்னு நான் ஊருக்கெல்லாம் சொன்னேன். தலை வலிக்குன்னு அவன் ஒரு வார்த்தை சொல்லலியே!"

சொல்லுங்கள் தோழர்களே. வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை