முன்வரிசைக்கா, பின்வரிசைக்கா?

லிட்டில் இந்தியாவிலிருந்து ஜாலான் புசார் விளையாட்டரங்கத்துக்கு நடந்தே போய்விடலாம். ஆட்டம் முடிந்து வெளியே வரும் கூட்டம் பேசுவது பெரும்பாலும் கோல் போட்டவரைப் பற்றித்தான். காற்பந்துக் குழுக்களின் பணமும் அந்தப் பேச்சின் பின்னாலேயே போகிறது.

2021-இல் லயன் சிட்டி செய்லர்ஸ் குழு, தாக்குதல் ஆட்டக்காரர் டியேகோ லோப்பஸை ஏறத்தாழ மூன்று மில்லியன் வெள்ளி கொடுத்து வாங்கியது. சிங்கப்பூர் லீக் அதுவரை கண்டிராத தொகை. அந்த ஆண்டு பட்டமும் கிடைத்தது. மறு ஆண்டு கொரியாவின் கிம் ஷின் வூக், பெல்ஜியத்தின் மெக்சிம் லெஸ்டியென் என முன்வரிசை மேலும் பலமானது. ஆனால் பட்டம் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போனது, 2023-இலும் அதற்கே.

தாக்குதலை ஒரே ஆள் மாற்றிவிட முடியும். சிங்கப்பூரின் முன்னாள் ஆட்டக்காரர் வி. சுந்தரமூர்த்தியின் காலில் பந்து சுழன்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தற்காப்பு அப்படியல்ல. அங்கே நால்வரும் கோல்காப்பாளரும் சேர்ந்துதான் ஒரு கூரை; ஓர் ஓடு உடைந்தாலும் மழை வீட்டுக்குள்தான். ஆகவே பின்வரிசையில் மிகச் சிறந்தவரைத் தேடுவதைவிட மிகப் பலவீனமானவரை மாற்றுவதே பலன் தரும். சந்தை கோலுக்குத்தான் அதிக விலை வைப்பதால், நல்ல தற்காப்பு ஆட்டக்காரர் பெரும்பாலும் குறைந்த விலைக்கே கிடைப்பார்.

விலை கூடினாலும் பலன் உண்டு. லிவர்பூல் 2018 ஜனவரியில் தற்காப்பு ஆட்டக்காரர் வான் டைக்குக்கு 75 மில்லியன் பவுண்டு கொடுத்தது. அதே ஆண்டு கோடையில் கோல்காப்பாளர் அலிசனையும் வாங்கியது. 2017-18 லீக்கில் 38 கோல்கள் விட்ட குழு, அடுத்த பருவத்தில் விட்டது 22. ஐரோப்பியக் கிண்ணம் 2019-இல் வந்தது, லீக் பட்டம் 2020-இல்.

பின்வரிசையை மட்டும் பூட்டி வைத்தாலும் காரியம் ஆகாது. 2016 தென்கிழக்காசியக் காற்பந்துப் போட்டியில் நம் தேசியக் குழு பின்னால் நின்றே ஆடியது. பயிற்றுவிப்பாளர், அதே சுந்தரமூர்த்தி. மூன்று ஆட்டங்களில் விட்டவை மூன்றே கோல்கள், போட்டது ஒன்றே ஒன்று. முதல் சுற்றோடு வெளியேறினோம். தடுத்த பந்தை முன்னே கொண்டுபோக ஆளில்லை என்றால் அது உடனே திரும்பி வரும், தற்காப்பு களைத்துப்போகும்.

செய்லர்ஸ் பிறகு செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. லெஸ்டியென்னை வைத்துக்கொண்டே 2023-இல் பெய்லி ரைட்டையும் அடுத்த ஆண்டு டோனி டட்கோவிச்சையும் நடுத் தற்காப்புக்குக் கொண்டுவந்தது. 2025-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 அரையிறுதியில் சிட்னி குழுவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 2-1 என வென்றது. பீஷானில் நடந்த இறுதியாட்டத்தில் ஷார்ஜா குழுவிடம் அதே கணக்கில், கடைசி நிமிடங்களில் தோற்றது. சிங்கப்பூர்க் குழு எதுவும் அதற்குமுன் ஆசிய இறுதிவரை போனதில்லை.

கையில் ஒரே ஒருவருக்கான பணம்தான் இருக்கிறதென்றால், நான் கோல்காப்பாளரைத்தான் எடுப்பேன். 2015 ஜூனில் சைத்தாமாவில் ஜப்பானை 0-0 என நிறுத்தினோமே, அன்று இஸ்வான் மஹ்புட் தடுத்தவை 18.