ரயில்வே கேட்டின் சுவர்த் தொலைபேசி

திருவனந்தபுரத்திற்கு இருப்புப்பாதை 1918ஆம் ஆண்டு வந்தது. தம்பானூர் நிலையம் 1931 நவம்பர் 4ஆம் நாள் திறக்கப்பட்டது. நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் செல்லும் பாதை 1979இல்தான் கிடைத்தது. இத்தகைய பாதைகள் சாலைகளைக் கடக்கும் காவலுள்ள கேட்டுகளில், கனத்த பெட்டியொன்று சுவரில் தொங்குவதை நம்மில் பலர் கண்டிருப்போம். அதுதான் மாக்னெட்டோ தொலைபேசி.

அதில் எண் சுழற்றும் வட்டு இல்லை. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி மட்டுமே உண்டு. அதைச் சுற்றினால் பெட்டிக்குள் இருக்கும் லாடக் காந்தங்களுக்கிடையே கம்பிச்சுருள் சுழன்று மின்சாரம் பிறக்கும். அம்மின்சாரமே நிலைய அதிகாரியின் மேசைமேல் மணியை ஒலிக்கச் செய்யும். பேசுவதற்கு வேண்டிய மின்சாரத்தை இரண்டு மூன்று உலர் மின்கலங்கள் தரும். ஆகவே புயலில் ஊரே இருண்டாலும் இம்மணி ஒலிக்கும். கொக்கியில் தொங்கும் பேசியை எடுத்ததும் பேச்சுக்கான சுற்று இணைந்துவிடும்.

வாய்க்குழலுக்குள் இருப்பவை கரித்துகள்கள். குரலின் அதிர்வு அவற்றை நெருக்கியும் தளர்த்தியும் மின்னோட்டத்தை மாற்றுகிறது. மலையாளக் கரையின் நீண்ட மழைக்காலமே இவற்றுக்குப் பகை. ஈரம் புகுந்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டு குரல் மங்கும். உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிப் பேசுவது பழையவர்களின் வழக்கம். அது மூடப்பழக்கமன்று, துகள்களைப் பிரிக்கும் முறையே. கடற்காற்றின் உப்போ பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பைப் படியச் செய்யும்.

இக்கருவி சுமந்த பொறுப்பு பெரிது. ரயில் வருமுன் நிலைய அதிகாரி அழைப்பார். காவலர் கேட்டை மூடியபின், தம் தாளிலுள்ள இரகசிய எண்ணொன்றைச் சொல்வார். அதைக் குறித்துக்கொண்ட பிறகே வண்டிக்கு வழிவிடப்படும். பயன்படுத்திய எண் அடிக்கப்பட்டுவிடும். நம் வாடிக்கையாளர்கள் இன்று கைப்பேசியில் பெறும் ஒருமுறைக் கடவெண்ணுக்கு இது மூத்த உறவு என்று சொல்லத் தோன்றுகிறது. 'மூடிவிட்டேன்' என்னும் சொல் பழக்கத்தால் வாயில் வந்துவிடலாம். எண்ணைச் சொல்லவோ தாளைப் பார்த்தாக வேண்டும்.

பழம்பொருள் ஆர்வலர்கள் இவற்றை வாங்கும்போது பெட்டியைத் திறந்து பார்ப்பது நன்று. வெளியே மெருகு மின்ன, உள்ளே காந்தமும் சுருளும் கழற்றப்பட்டிருக்கக்கூடும். கைப்பிடி சற்றுக் கனத்துச் சுழன்றால் அவை உள்ளே இருக்க வாய்ப்புண்டு. சுற்றும்போது முனைகளில் விரல் படவேண்டாம். மணியை ஒலிக்கச் செய்யும் மின்சாரம் கையையும் உதறவைக்கும்.