நாற்பது வயதில் உலகக் கோப்பை: ஒரு கோல்கீப்பரை எப்போது எடைபோடுவது?

1978 ஜூன் 21 அன்று புவனஸ் அயர்ஸில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் நெதர்லாந்திடம் இத்தாலி 2-1 என்று தோற்றது. நெதர்லாந்து போட்ட இரண்டு கோல்களும் தொலைவிலிருந்து வந்தவை. இரண்டாவது கோலாக ஆரி ஹான் அடித்த பந்து 30 மீட்டருக்கும் அப்பாலிருந்து கிளம்பி, கம்பத்தில் பட்டு உள்ளே போனது. மூன்று நாள் கழித்து, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரேசிலும் இரண்டு நெடுந்தூர அடிகளால் அதே கணக்கில் இத்தாலியை வென்றது. இத்தாலியின் கோல்கீப்பர் டீனோ ஸோஃபுக்கு அப்போது வயது 36. அவர் காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. நான்கு ஆண்டுக்குப் பிறகு, 1982 ஜூலை 11 அன்று, மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்று மட்ரிட்டில் உலகக் கோப்பையைத் தூக்கிப் பிடித்த இத்தாலி அணித் தலைவர் அதே ஸோஃப்தான். வயது 40. உலகக் கோப்பையை வென்ற ஆட்டக்காரர்களில் அவரைவிட மூத்தவர் இன்றுவரை எவருமில்லை. இதை ஒரு தனிமனிதரின் அதிசயமாகச் சொல்லி முடித்துவிடுவது எளிது. எனக்கு அது போதவில்லை. கோல்கீப்பரின் திறமை பல ஆண்டுகளில் மெல்ல விளைவது. நாமோ அதை ஓரிரு நிமிடங்களை வைத்து அளக்கிறோம். ஸோஃபின் வாழ்க்கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தாலே அந்த அளவுகோல் எவ்வளவு பிழையானது என்று தெரிந்துவிடும்.

அவர் 1942இல் வடகிழக்கு இத்தாலியில் மரியானோ டெல் ஃபிரியூலி என்ற சிற்றூரில் பிறந்தார். 14 வயதில் இண்டர், யுவென்டஸ் இரண்டு கிளப்புகளும் உயரம் போதாது என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டன. 1961இல் உதினேஸே அணிக்காக முதல் டிவிஷனில் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே ஃபியோரெண்டினா அவர் காத்த வலைக்குள் ஐந்து கோல் போட்டது. பிறகு மான்டோவா, அதன் பிறகு நாப்போலி. நாட்டுக்காக முதலில் ஆடியபோது வயது 26. அந்த ஆண்டே, 1968இல், இத்தாலி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. இனி இடம் உறுதி என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் 1970 உலகக் கோப்பையில் ஆல்பெர்தோஸி ஆட, ஸோஃப் வெளியே உட்கார்ந்திருந்தார். இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு இதுதான். தாக்குதல் வரிசையில் ஒருவர் இடத்தை இழந்தால் பக்கவாட்டில் இறங்கலாம், கடைசி 20 நிமிடத்துக்கு மாற்று ஆளாக வரலாம். கோல்கீப்பருக்கு அணியில் இருப்பது ஒரே இடம். அது இன்னொருவர் கையில் இருக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஸோஃப் யுவென்டஸுக்குப் போனபோது வயது முப்பது. அங்கே ஆடிய 11 பருவங்களில் ஒரு லீக் ஆட்டத்தைக்கூட அவர் விடவில்லை. அணி ஆறு முறை லீக் பட்டம் வென்றது. 1972 முதல் 1974 வரை சர்வதேச ஆட்டங்களில் தொடர்ச்சியாக 1,142 நிமிடம் அவரைத் தாண்டி ஒரு பந்தும் வலைக்குள் போகவில்லை. உயரம் போதாது என்று அனுப்பப்பட்ட சிறுவன் இந்த நிலைக்கு வந்து சேர ஏறத்தாழ 16 ஆண்டுகள் பிடித்தன.

அத்தனை ஆண்டுகள் எதற்கு? பார்ப்பவர் கண்ணில் படாத ஒரு கணக்கைக் கற்பதற்கு. கோல் கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர் அகலம். குறுக்குக் கம்பத்தின் உயரம் 2.44 மீட்டர். நேர் எதிரே 20 மீட்டர் தொலைவில் ஒருவர் பந்தோடு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோல் கோட்டின் மேலேயே நிற்கும் கீப்பர் முழு அகலத்தையும் காக்க வேண்டும். நான்கு மீட்டர் முன்னே வந்து நின்றால், அவர் காக்க வேண்டிய அகலம் ஆறு மீட்டருக்கும் குறைந்துவிடும். அதிகம் முன்னே வந்துவிட்டால் பந்து தலைக்கு மேலே பறக்கும். பந்து பக்கவாட்டில் ஒவ்வொரு அடி நகரும்போதும் இந்தக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். தன் தற்காப்பு வீரர் எந்தப் பக்கத்தை மறைக்கிறார், அடிப்பவருக்கு எந்தக் கால் பழக்கம் என்பதும் அதில் சேரும். சரியாகக் கணக்கிட்டு நிற்பவரின் நெஞ்சுக்கே பந்து வரும், அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார், கைதட்டல் இருக்காது. தவறான இடத்தில் நிற்பவர்தான் பறந்து விழுந்து விரல் நுனியால் தட்டிவிட்டு அரங்கத்தை எழுப்புவார். ஸோஃப் முதல் வகையைச் சேர்ந்தவர். தேவையில்லாமல் பாய்ந்ததில்லை. அதனால் அவர் காப்பாற்றியவற்றில் பெரும்பாலானவை காப்பாற்றியவையாக எவர் நினைவிலும் தங்கவில்லை.

பார்வையாளரின் கண் எதை எதிர்பார்க்கிறதோ அது கீப்பரின் முடிவையே வளைத்துவிடும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் முன்னணிப் போட்டிகளின் 286 பெனால்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அடித்த பந்துகளில் ஏறத்தாழ 29 விழுக்காடு நடுவிலேயே வந்தன. ஆனால் கீப்பர்கள் நடுவில் நின்றது 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். நகராமல் நின்றிருந்தால் தடுக்கும் வாய்ப்பு கூடியிருக்கும் என்று கணக்கு காட்டியது. பிறகு ஏன் பாய்கிறார்கள்? சும்மா நின்று கோல் வாங்குவது, பாய்ந்து வாங்குவதைவிட அவமானமாகப் படுகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். 11 மீட்டரிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு ஆகும் நேரம் அரை விநாடிகூட இல்லை. அந்த நேரத்துக்குள்ளும் ஊர் என்ன சொல்லும் என்ற நினைப்பு புகுந்துவிடுகிறது என்றால், நம் தீர்ப்புக்கு இருக்கும் பாரத்தை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கோல்கீப்பர் ஓடுவதே குறைவு, அதனால் நாற்பது வரை தாக்குப்பிடிக்கிறார், இதில் திறமை எங்கே வந்தது என்பார்கள். ஓட்டம் குறைவு என்பது உண்மை. ஆனால் உடல் மட்டுமே இந்த வேலையைச் செய்கிறதென்றால், அனிச்சை வேகம் உச்சத்தில் இருக்கும் இருபதுகளின் தொடக்கத்திலேயே கீப்பர்கள் தங்கள் சிறந்த ஆட்டத்தைக் காட்டியிருக்க வேண்டும். பலருக்கு அப்படி நடப்பதில்லை. சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின் 1962 உலகக் கோப்பையில் கொலம்பியாவிடம் நான்கு கோல் வாங்கினார். அதில் ஒன்று கார்னரிலிருந்து நேராக வலைக்குள் போனது. காலிறுதியில் சிலியிடம் அணி தோற்றபோது பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டே, 34 வயதில், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதைப் பெற்றார். அந்த விருதை அவருக்கு முன்னும் பின்னும் வேறெந்தக் கோல்கீப்பரும் வென்றதில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மற்றவர் தவறினால் பின்னால் ஆள் உண்டு. கீப்பர் தவறினால் கோல். ஆகவே தவறை வைத்து அவரை அளப்பது நியாயமே என்கிறார்கள். இழப்பு பெரிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இழப்பின் அளவு வேறு, பிழையின் அளவு வேறு. 1950 ஜூலை 16 அன்று மரக்கானா அரங்கில், பிரேசில் உருகுவேயிடம் உலகக் கோப்பையை இழந்த ஆட்டத்தில், பிரேசிலின் கோல்கீப்பர் பார்போசாவுக்கு நடந்ததைப் பாருங்கள். உருகுவேயின் முதல் கோல், வலப்பக்கம் ஓடிவந்த கிஜ்ஜியா பந்தை நடுவுக்குத் தள்ள, ஸ்கியாஃபினோ அடித்தது. 79ஆவது நிமிடத்தில் கிஜ்ஜியா அதே வழியில் மறுபடி வந்தார். மறுபடியும் நடுவுக்குத்தான் வரும் என்று கணித்து பார்போசா ஓரடி நகர்ந்தார். கிஜ்ஜியா அருகிலிருந்த கம்பத்தை ஒட்டி அடித்துவிட்டார். சற்று முன் கண்ணால் கண்டதை வைத்துப் பார்த்தால் அந்தக் கணிப்பில் தவறில்லை. முடிவுதான் தவறாகப் போனது. 2000இல் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகள், ஒரு நாடே அவரைக் குற்றவாளியாக நடத்தியது. இது எனக்கு ஆறாத வருத்தம் தரும் அநீதி.

காலம் மாறிவிட்டதே என்றும் கேட்கலாம். 1992 முதல், சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளித்தரும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது. இன்று அவர் காலாலும் ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பழைய பாடம் செல்லாது என்று தோன்றும். ஆனால் அந்த விதி வந்த பிறகு, 1995இல் 17 வயதில் முதல் டிவிஷனில் இறங்கிய ஜான்லூயிஜி புஃபோன் 45 வயது வரை ஆடிவிட்டுத்தான் 2023இல் ஓய்ந்தார். கற்க வேண்டியது கூடியிருக்கிறது. அதனால் காத்திருக்க வேண்டிய காலம் கூடுமே தவிரக் குறையாது.

பார்போசாவுக்குக் கிடைக்காதது ஸோஃபுக்குக் கிடைத்தது: பயிற்சியாளர் என்ஸோ பேர்ஸோட்டின் நம்பிக்கை. 1978இன் நான்கு நெடுந்தூர கோல்களை அவர் ஒரு நீண்ட ஆட்ட வாழ்வின் சிறு பகுதியாகவே பார்த்தார். 1982இல் முதல் மூன்று ஆட்டங்களும் டிராவில் முடிந்து பத்திரிகைகள் வறுத்தெடுத்தபோதும் அணி கலையவில்லை. ஜூலை 5 அன்று பார்சிலோனாவில் நடந்த ஆட்டத்தில், அடுத்த சுற்றுக்குப் போகப் பிரேசிலுக்கு டிரா போதும். இத்தாலி 3-2 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஆஸ்கர் தலையால் முட்டிய பந்தை ஸோஃப் கோட்டின் மேலேயே விழுந்து பிடித்து அமுக்கினார். தட்டிவிட்டிருந்தால் எதிரே நின்றவர்கள் காலில் விழுந்திருக்கக்கூடும்.

இந்த நம்பிக்கைக்கு விலை உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஒரே இடத்தை ஒருவர் நாற்பது வரை வைத்திருந்தால் அடுத்தவருக்கு வழியில்லை. இண்டர் அணியின் ஐவானோ போர்டோன் 1978, 1982 இரண்டு உலகக் கோப்பை அணிகளிலும் இருந்தார். இரண்டிலும் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அவர் திறமையில் குறைந்தவர் அல்ல. ஆனாலும் பேர்ஸோட் செய்தது சரி என்றே சொல்வேன். போர்டோன் கற்றதும் வீணாகிவிடவில்லை. பிற்காலத்தில் அவர் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு வந்தார். 2006 உலகக் கோப்பையை இத்தாலி வென்றபோது புஃபோன் தொடர் முழுவதும் வாங்கியவை இரண்டே கோல்கள்; ஒன்று சொந்த அணியினர் காலில் பட்டுப் போனது, மற்றது ஸிடானின் பெனால்டி. அந்த அணியின் கோல்கீப்பர் பயிற்சியாளர் போர்டோன்.