துருவ இரவும் தனிமையும்

நார்வேயின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் அப்பால் உள்ள டிரோம்சோ நகரில், நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை; துருவ இரவு எனப்படும் இக்காலத்தில் நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலம் பாய்ந்த மங்கலான ஒளி மட்டுமே கிடைக்கும். இருட்டே அங்குள்ளவர்களைத் தனிமைக்குள் தள்ளும் என்று வெளியூரார் எண்ணுவது இயல்புதான், எனினும் அது பாதி உண்மையே. ஆளில்லாமல் இருப்பது தனித்திருத்தல். வேண்டும் உறவுக்கும் வாய்த்த உறவுக்கும் இடையே உள்ள குறையால் மனம் வருந்துவது தனிமையுணர்வு. பின்னது கூட்டத்தின் நடுவிலும் நேரும்.

இவ்வேறுபாட்டை அந்நாட்டுத் தமிழரின் அனுபவமே காட்டுகிறது. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலர் வட நார்வேயின் ஃபின்மார்க் கடற்கரையின் மீன் தொழிற்சாலைகளில், நார்வேஜியரோடு ஒரே கூடத்தில் மீனைத் துண்டமாக்கிப் பெட்டியிலிடும் வேலைக்குச் சேர்ந்தனர். அவர்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் ஆன் சிக்ஃப்ரிட் குரோன்செத், தனிமையைத் தலைப்பிலேயே தாங்கி 2010இல் வெளிவந்த தம் நூலில், தெளிவான காரணம் பிடிபடாத உடல்வலிகளோடு அவர்கள் மருத்துவரை நாடியதைப் பதிவுசெய்து, அவ்வலிகளை உறவும் சடங்கும் அறுந்துபோன வாழ்வோடு சேர்த்தே புரிந்துகொள்ள முயன்றார். பின்னர் அவர்களில் பலர் ஆஸ்லோவுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கும் குளிர் கடுமைதான். ஆனால் சொந்தபந்தமும் கோயிலும் தமிழ் வகுப்பும் அங்கே இருந்தன.

இருண்ட காலத்தில் தனிமையைத் தணிக்க நார்வேஜியர் தமக்கென வைத்துள்ள ஏற்பாடுகளும் கவனிக்கத்தக்கவை. டிரோம்சோவில் 1991 முதல் ஜனவரி மாதத்தில் திரைப்பட விழா நடைபெறுகிறது. நகரச் சதுக்கத்தில் திறந்தவெளித் திரையும் உண்டு, கம்பளி உடுத்திய மக்கள் பனியில் நின்றே படம் பார்க்கின்றனர். விழாக்களைவிடப் பயனுள்ளது ‘டுக்நாட்’ எனப்படும் கூட்டு உழைப்பு: குழந்தைகளின் பனிச்சறுக்குப் போட்டி நடக்கும் இடத்தில் பெற்றோர் முறைவைத்து வாஃபிள் சுட்டுக் காபி ஊற்றி விற்றுச் சங்கத்துக்கு நிதி சேர்ப்பதும், குடியிருப்பின் முற்றத்தை அனைவரும் சேர்ந்து துப்புரவு செய்வதும் இதில் அடங்கும். அறிமுகமற்றவரோடு வலியச் சென்று பேசாத இயல்புடைய மக்களுக்கு, கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வருகிறது. புதிதாகக் குடியேறியவரை ஆண்டுக்கொரு விருந்துக்கு அழைப்பதைவிட, மாதந்தோறும் இத்தகைய வேலையில் சேர்த்துக்கொள்வதே அவரது தனிமையைக் குறைக்கும்.