குரலுக்கு உரியவர்கள்

1999 மே மாதம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், பெனடம் அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்கு ‘டூ வாப் 50’ என்று பெயர். பதின்ம வயதில் தெருமுனையில் நின்று சேர்ந்து பாடியவர்கள், தலை நரைத்தபின் அந்தப் பாட்டுகளோடு மேடையேறினார்கள். தொகுத்து வழங்கியவர் ஜெரி பட்லர். அவரும் இதே தெருமுனைப் பாட்டில் வளர்ந்த பாடகர்தான். நேயர் நன்கொடையை நம்பும் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் அதை ஒளிபரப்பியபோது நேயர்கள் நன்கொடையை அள்ளிக் கொடுத்தார்கள். பழைய நினைவின் சுகம் மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பாட்டுக்கு உரியவர்களின் முகத்தைப் பலர் அன்றுதான் பார்த்தார்கள்.

டூ-வாப், வாத்தியம் வாங்க வழியில்லாத பையன்களின் இசை. 1940களின் கடைசியில் பால்டிமோர், நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகளில் நான்கைந்து பேர் கூடி நிற்பார்கள். ஒருவன் பாட்டை எடுப்பான். அடிக்குரல்காரன் டபுள் பேஸின் வேலையைத் தொண்டையாலேயே செய்வான். நடுக்குரல்கள் இணைந்து சுரக்கட்டு போட, உச்சத்தில் ஒரு மெல்லிய குரல் தனியே மிதக்கும். ‘டூ-வாப்’, ‘ஷ-பூம்’ என்ற பொருளற்ற அசைகளெல்லாம் இல்லாத வாத்தியங்களுக்காகப் பிறந்தவை. எதிரொலி நன்றாகக் கிடைக்கும் மாடிப்படிகளும் சுரங்க ரயில் நிலையங்களும் ஒத்திகைக் கூடங்களாயின. ஒலிப்பதிவும் ஏறக்குறைய அப்படித்தான். ‘பெங்குவின்ஸ்’ குழுவின் ‘எர்த் ஏஞ்சல்’ 1954இல் லாஸ் ஏஞ்சலிஸ் வீடொன்றின் கார் ஷெட்டில் பதிவானது. ‘ஃபைவ் சாட்டின்ஸ்’ தங்கள் மிகப் புகழ்பெற்ற பாட்டை 1956இல் நியூ ஹேவன் தேவாலயம் ஒன்றின் நிலவறையில் பாடினார்கள்.

பணம் வேறு திசையில் போயிற்று. பிராங்ஸ் பகுதியின் ‘கார்ட்ஸ்’ குழு 1954இல் ‘ஷ-பூம்’ பாடியது. அதையே திருப்பிப் பாடிய வெள்ளையர் குழு ‘க்ரூ கட்ஸ்’ விற்பனையில் முதலிடம் பிடித்தது. 1956இல் பதின்மூன்று வயதில் ஒரே பாட்டால் நாட்டையே பாடவைத்த ஃபிராங்கி லைமன், 1968இல் போதைமருந்தால் இறந்தபோது அவருக்கு வயது 25. அந்தப் பாட்டை எழுதியது தாங்களே என்று அவருடைய குழுத் தோழர்கள் இருவர் வழக்குப் போட்டு 1992இல் வென்றார்கள். காலம் கடந்து வந்தீர்கள் என்று மேல்முறையீட்டில் 1996இல் அதுவும் பறிபோயிற்று. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. ‘கேடிலாக்ஸ்’ குழுவின் முன்னணிப் பாடகர் ஏர்ல் கேரல், மன்ஹாட்டன் பள்ளி ஒன்றில் ஆண்டுக்கணக்கில் துப்புரவுப் பணியாளராக இருந்தார்.

‘டூ வாப் 50’ நிகழ்ச்சிக்குப் பிட்ஸ்பர்க் பொருத்தமான ஊர். கறுப்பர் மூவரும் வெள்ளையர் இருவருமாகத் தொடங்கிய ‘மார்சல்ஸ்’ இங்கே உருவான குழு. 1930களின் ‘புளூ மூன்’ பாட்டை 1961இல் அடிக்குரலின் கும்மாளத்தோடு தொடங்கி முதலிடத்துக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள். ‘டெல்-வைகிங்ஸ்’ பிட்ஸ்பர்க் விமானப்படைத் தளத்து வீரர்கள் சேர்ந்த குழு. அவர்களுடைய ‘கம் கோ வித் மீ’ 1957இல் கடல் கடந்தது. அவ்வாண்டு ஜூலை 6 அன்று லிவர்பூல் தேவாலயத் திருவிழாவில் ஓர் இளைஞன், வரிகள் சரியாகத் தெரியாமல் சொந்தச் சொற்களை இட்டு நிரப்பி அதைப் பாடினான். அவன் ஜான் லெனன். கேட்டு நின்றவன் பால் மெக்கார்ட்னி. இருவரும் முதன்முதல் சந்தித்தது அன்றுதான். ஜமைக்காவில், கிங்ஸ்டனின் ட்ரெஞ்ச்டவுனில் பாப் மார்லியும் தோழர்களும் இத்தகைய அமெரிக்கக் குழுக்களைக் கேட்டே மூன்று குரல் சேர்த்துப் பாடப் பழகினார்கள். டெட்ராய்ட்டின் மோடவுன் இசை நிறுவனக் குழுக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

‘டூ வாப் 50’ போன்ற கச்சேரிகளில் மேடையில் நிற்பது யார் என்பது முக்கியம். புகழ்பெற்ற குழுக்களின் பெயரை வைத்துக்கொண்டு, பழைய பதிவோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் ஊர் ஊராகப் பாடிச் சம்பாதித்தார்கள். பாட்டைப் பறிகொடுத்தவர்கள் பெயரையும் பறிகொடுத்தார்கள். ‘சுப்ரீம்ஸ்’ குழுவின் மேரி வில்சனும் ‘ஷா நா நா’ குழுவின் ஜான் பாமனும் இதை எதிர்த்து மாநிலம் மாநிலமாகச் சட்டமன்றங்களின் கதவைத் தட்டினார்கள். குழுவின் பெயரில் பாட வேண்டுமானால், பெயருக்கு உரிமையுள்ள, அந்தக் குழுவின் பதிவுகளில் பாடிய ஒருவராவது மேடையில் இருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் சட்டம் இயற்றின. பிட்ஸ்பர்க் அமைந்த பென்சில்வேனியா அவற்றில் முந்திக்கொண்ட மாநிலங்களுள் ஒன்று.